அம்மாவுக்கு ஒரே நாள் ஊசி, தம்பிக்கு ஆறு வாரம் மருந்து: எது சரி?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 66. பல வருடங்களாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. 11 நாட்களுக்கு முன் வலது முழங்காலில் மூட்டு மாற்று ஆபரேஷன் நடந்தது. தியேட்டருக்குள் போகும்போது ஓர் ஆன்டிபயாடிக் ஊசி போட்டார்கள், மறுநாள் காலைக்குள் இன்னும் இரண்டு. அதோடு சரி. வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த சீட்டில் வலி மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை, கால்சியம் மட்டுமே இருந்தன. எதிர்வீட்டு அக்காவுக்கு வேறு மருத்துவமனையில் இதே ஆபரேஷன் நடந்தது. அவருக்கு ஐந்து நாள் ஊசி, பிறகு பத்து நாள் மாத்திரை. "இவ்வளவு பெரிய ஆபரேஷன் பண்ணிட்டு மருந்தே கொடுக்காம அனுப்பிட்டாங்களே" என்று சித்தப்பா சத்தம் போட்டார். மெடிக்கலில் செஃபிக்ஸிம் 200 ஓர் அட்டை வாங்கிவந்தும் வைத்திருக்கிறார்.

தம்பியின் கதை வேறு. ஒன்றரை வருடத்துக்கு முன் பைக் விபத்தில் முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. உள்ளே ராடு வைத்திருக்கிறார்கள். சில மாதங்களாக அதே இடத்தில் சின்ன ஓட்டை விழுந்து சீழ் கசிகிறது. மாத்திரை சாப்பிட்டால் காய்ந்துவிடும், நிறுத்தினால் மறுபடி வரும். இப்போது பார்க்கும் டாக்டர், "எல்லா ஆன்டிபயாடிக்கையும் இரண்டு வாரம் நிறுத்துங்கள். பிறகு ஆபரேஷன் செய்யலாம். அதற்குப் பிறகு ஆறு வாரமாவது மருந்து வேண்டும்" என்கிறார். சீழ் இல்லாத அம்மாவுக்கும் மருந்தை நிறுத்துகிறார்கள், சீழ் வடிகிற தம்பிக்கும் நிறுத்துகிறார்கள். ஒன்றும் புரியவில்லை. அம்மாவின் கட்டில் மூன்று நாளாக லேசாக ஈரம் தெரிகிறது. டாக்டரிடம் போகும் அளவுக்கு இல்லை என்று நினைக்கிறோம். சித்தப்பா வாங்கிவந்த மாத்திரையைத் தொடங்கலாமா?

- வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில் (எலும்பு மூட்டு அறுவைசிகிச்சை மருத்துவர்):

போகிற போக்கில் கடைசியாக எழுதியிருக்கிறீர்களே, அந்த ஈரத்திலிருந்தே தொடங்குகிறேன். உங்களுக்குத் தனியாகத் தகவல் அனுப்பியாகிவிட்டது. இதே நிலையில் இருக்கும் மற்ற வீடுகளுக்காக இங்கேயும் சொல்கிறேன். மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்த முதல் இரண்டு மூன்று நாள் கட்டில் ரத்தம் கலந்த நீர் ஊறுவது சகஜம். ஐந்து, ஏழு நாள் தாண்டியும் கட்டு நனைந்தால், எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி, ஆபரேஷன் செய்த மருத்துவர் அன்றைக்கே அதைப் பார்த்தாக வேண்டும். உள்ளிருந்து நீர் வெளியே வர வழி இருந்தால், தோலில் இருக்கும் கிருமி உள்ளே போகவும் வழி இருக்கிறது. பார்த்துவிட்டு, "ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையால் கசிகிறது, கவலை வேண்டாம்" என்று அவர் சொல்லலாம். காலை மடக்கும் பயிற்சியைச் சில நாள் தள்ளிப்போடச் சொல்லலாம். தையலைப் பிரித்து உள்ளே கழுவ வேண்டும் என்றும் சொல்லலாம். இதில் எது என்பது மருந்துக்கடையில் வைத்து முடிவு செய்கிற காரியம் அல்ல.

உண்மையிலேயே தொற்று இருந்தால் ஒவ்வொரு நாளும் முக்கியம். முதல் சில வாரங்களுக்குள் மூட்டைத் திறந்து நன்றாகக் கழுவி, நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் பகுதியை மட்டும் மாற்றி, உலோக மூட்டைக் காப்பாற்றிவிட நல்ல வாய்ப்பு உண்டு. தள்ளிப்போனால் மூட்டையே கழற்றி, சில வாரங்கள் மருந்து கலந்த சிமென்டை அந்த இடத்தில் வைத்து, பிறகு புது மூட்டு பொருத்துகிற இரண்டு கட்ட ஆபரேஷன் வரைக்கும் போய்விடும்.

சித்தப்பாவின் அட்டையைப் பிரிக்க வேண்டாம். மூட்டு ஆபரேஷன்களில் அதிகம் தொல்லை கொடுப்பவை ஸ்டஃபிலோகாக்கஸ் வகைக் கிருமிகள். செஃபிக்ஸிம் டைபாய்டு, சிறுநீர்த் தொற்று போன்றவற்றுக்கு உதவுகிற மருந்து. ஸ்டஃபிலோகாக்கஸிடம் அதன் வீரியம் எடுபடாது. இதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. நாளை மருத்துவர் மூட்டிலிருந்து நீர் எடுத்துக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்ப நேர்ந்தால், ஏற்கெனவே விழுங்கிய நாலு மாத்திரை கிருமியைக் கொன்றிருக்காது, ஆனால் ஆய்வகத்தில் அதை வளரவிடாமல் செய்துவிடும். எந்தக் கிருமி என்று தெரியாமலே வைத்தியம் பார்க்க வேண்டிவரும்.

முழங்கால் சூடாக இருப்பதை வைத்து மட்டும் பயப்படாதீர்கள். மூட்டு மாற்றியபின் சில மாதங்கள் வரைகூட அந்த முட்டி மற்றதைவிடச் சூடாகத்தான் இருக்கும். குறைந்துவந்த வலி திரும்ப ஏறுவது, சிவப்பு பரவுவது, காய்ச்சல், நிற்காத கசிவு ஆகியவைதான் அபாய அறிகுறிகள்.

அம்மாவுக்கு மறுநாளே நிறுத்தியது ஏன்?

ஆன்டிபயாடிக்கை இரண்டு வேலைகளுக்குக் கொடுக்கிறோம். கிருமி வந்து ஒட்டாமல் தடுப்பது ஒன்று, வந்து குடியேறிவிட்ட கிருமியை ஒழிப்பது மற்றொன்று. மருந்து ஒன்றாகவே இருந்தாலும் நேரம், அளவு, நாள் கணக்கு எல்லாமே மாறும். உங்கள் வீட்டில் அம்மாவுக்கு நடந்தது முதல் வேலை, தம்பிக்கு நடக்கவிருப்பது இரண்டாவது.

தடுப்பு வேலையில் நேரம்தான் எல்லாம். 1961-இல் அமெரிக்க அறுவைசிகிச்சை மருத்துவர் ஜான் பர்க் கினிப் பன்றிகளின் தோலுக்குள் ஸ்டஃபிலோகாக்கஸைச் செலுத்தி, ஆன்டிபயாடிக்கை வெவ்வேறு நேரங்களில் கொடுத்துப் பார்த்தார். கிருமி போவதற்கு முன்பே ரத்தத்தில் மருந்து இருந்தால் புண் கிட்டத்தட்ட வரவே இல்லை. மூன்று மணி நேரம் கழித்துக் கொடுத்தபோது, மருந்தே கொடுக்காத விலங்குகளுக்கு வந்த அளவுக்குப் புண் வந்தது. 1992-இல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் 2,847 நோயாளிகளைக் கவனித்த ஆய்வும் இதையே மனிதர்களிடம் காட்டியது. வெட்டுவதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் ஊசி போட்டவர்களில் 0.6 சதவீதம் பேருக்குத்தான் தொற்று. அதைவிட வெகு முன்னதாகப் போட்டவர்களில் 3.8 சதவீதம், மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகப் போட்டவர்களில் 3.3 சதவீதம்.

இன்றைய வழக்கம் இன்னும் கறாரானது. செஃபசோலின் என்றால் கத்தி வைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் 2 கிராம், எடை 120 கிலோவைத் தாண்டினால் 3 கிராம். ஆபரேஷன் நான்கு மணி நேரத்தைத் தாண்டினாலோ, ஒன்றரை லிட்டருக்கு மேல் ரத்தம் போனாலோ நடுவிலேயே இன்னொரு டோஸ். சாதாரண மருந்துக்கு அடங்காத எம்.ஆர்.எஸ்.ஏ. கிருமி உள்ளவர்களுக்கு வான்கோமைசின் கொடுப்போம். அதை வேகமாக ஏற்றினால் உடம்பெல்லாம் சிவந்து அரிக்கும், ரத்த அழுத்தம் இறங்கும் என்பதால் மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். ஆகவே இரண்டு மணி நேரத்துக்குள் என்று முன்கூட்டியே தொடங்குவோம்.

முழங்கால் ஆபரேஷனில் இதற்குள்ளேயே இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. ரத்தப்போக்கைக் குறைக்கத் தொடையில் ஒரு பட்டையைச் சுற்றிக் காற்றடைத்து இறுக்குவோம். இறுக்கிய பிறகு காலுக்கு ரத்தம் போகாது, ரத்தத்தில் ஏறிய மருந்தும் போகாது. அதனால் மருந்து முழுவதும் உள்ளே போன பிறகுதான் பட்டையில் காற்று ஏற வேண்டும். மயக்க மருத்துவர் ஊசி போட்ட நேரத்தைச் சத்தமாகச் சொல்வதும், நர்ஸ் அதைக் குறிப்பேட்டில் எழுதுவதும் இதற்காகத்தான். அம்மாவின் பாதுகாப்பில் பெரும்பங்கு அந்தச் சில நிமிடங்களில் தீர்மானமாகிவிட்டது. தோலைத் தைத்து மூடிய பிறகு கொடுக்கும் ஒவ்வொரு நாள் மருந்துக்கும் பலன் மிகக் குறைவு. ஆபரேஷன் முடிந்தபின் தடுப்பு மருந்தை நீட்டிக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. பெரும்பாலான மூட்டு மருத்துவர்கள் 24 மணி நேரத்தோடு நிறுத்திவிடுகிறார்கள்.

எதிர்வீட்டு அக்காவுக்குப் பதினைந்து நாள் கொடுத்தது ஏன் என்பீர்கள். ஒரு மூட்டில் சீழ் பிடித்தால் நோயாளியும் மருத்துவரும் படும் பாடு சொல்லி மாளாது. அந்தப் பயத்தில் நாள் கணக்கை நீட்டுவது நம் ஊரில் இன்னும் பல இடங்களில் நடக்கிறது. அக்கா நன்றாக இருக்கிறார், சந்தோஷம். அதற்கு அந்தப் பத்து நாள் மாத்திரைதான் காரணம் என்று சொல்ல ஆதாரம் இல்லை. அதிகப்படி நாட்களுக்கு விலை உண்டு. குடலில் இருக்கும் நல்ல கிருமிகள் அழிந்து வயிற்றுப்போக்கு வரும், வயதானவர்களுக்கு அது ஆளைச் சாய்த்துவிடும். ஜென்டாமைசின் போன்ற ஊசிகளை நீட்டித்தால் சிறுநீரகம் அடிபடும். மருந்துக்கு அசையாத கிருமிகள் மட்டும் உடம்பில் தங்கிவிடும். நாளைக்கு உண்மையாகவே தொற்று வந்தால் கைவசம் இருக்கிற மருந்துகள் குறைந்திருக்கும்.

ஊசி மட்டுமே தடுப்பும் அல்ல. இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷனின் முன்னோடியான இங்கிலாந்து மருத்துவர் ஜான் சார்ன்லியின் தொடக்கக் கால நோயாளிகளில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் தொற்று வந்தது. தியேட்டருக்குள் வடிகட்டிய காற்றைச் செலுத்தி, அறுவைசிகிச்சை செய்பவர்களின் உடை, கையுறை எல்லாவற்றையும் மாற்றி, தையல் முறையையும் திருத்தி, 1970 வாக்கில் அதை நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறக்கினார். தடுப்பு ஆன்டிபயாடிக்கை வழக்கமாகக் கொடுக்காத காலத்திலேயே இது சாத்தியமாயிற்று.

ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர்கள் வீட்டிலேயே செய்யக்கூடியவையும் இருக்கின்றன. சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 8-ஐத் தாண்டி இருந்தால் பலரும் ஆபரேஷனைத் தள்ளிவைப்பார்கள். பீடி, சிகரெட்டைச் சில வாரங்களுக்கு முன்பே விட வேண்டும். முந்தின நாள் ராத்திரி ரேசரால் மழிக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி பெருகும். முடியை எடுத்தே ஆக வேண்டும் என்றால் ஆபரேஷனுக்குச் சற்று முன்னால் கிளிப்பரால் கத்தரித்தால் போதும். சொத்தைப் பல், கால் விரலிடுக்குச் சேற்றுப்புண், நகச்சுற்று ஆகியவற்றை முன்பே ஆற்றிக்கொள்ள வேண்டும்.

தம்பியின் காலில் என்ன நடக்கிறது?

தம்பிக்கு நடந்தது திறந்த எலும்பு முறிவு. எலும்பு வெளியே எட்டிப் பார்த்த அந்த நொடியே ரோட்டு மண்ணும் கிருமியும் உள்ளே போய்விடும். இங்கே முதல் டோஸ் ஆன்டிபயாடிக் எவ்வளவு சீக்கிரம் போகிறதோ அவ்வளவு நல்லது, மருத்துவமனைக்கு வந்த ஒரு மணி நேரத்துக்குள் போவதே இலக்கு. 1974-இல் அமெரிக்காவில் பட்சாகிஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், ஆன்டிபயாடிக் கொடுக்காத திறந்த முறிவுகளில் 13.9 சதவீதம் பேருக்குத் தொற்று வந்தது. பென்சிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும் கொடுத்தவர்களில் 9.7 சதவீதம், செஃபலோதின் கொடுத்தவர்களில் 2.3 சதவீதம். சிறிய காயத்துக்கு 24 மணி நேரம், சதை பிய்ந்துபோன பெரிய காயத்துக்கு இன்னும் சில மருந்துகள் சேர்த்து அதிகபட்சம் மூன்று நாள் என்பது வழக்கம். எந்தக் காயம் எந்த வகை என்று பிரிக்க 1976-இல் கஸ்டிலோவும் ஆண்டர்சனும் வகுத்த பட்டியலையே உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். மிக மோசமான காயங்களில் காலைக் காப்பாற்ற முடியுமா என்று கணிக்க, தோல், எலும்பு, தசை மூன்றையும் தனித்தனியாக மதிப்பெண் போட்டுப் பார்க்கும் முறையைக் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனை உருவாக்கியது. அந்த மருத்துவமனையின் பெயரிலேயே அது வெளிநாடுகளிலும் வழங்குகிறது.

இந்த மருந்து எதுவும் காயத்தைக் கழுவி, செத்த சதையை வெட்டி எடுப்பதற்கு ஈடாகாது. விபத்து நடந்த இடத்தில் காப்பித்தூள், மஞ்சள்தூள், மண்ணெண்ணெய் என்று கையில் கிடைத்ததைக் காயத்தில் அப்பாதீர்கள். சுத்தமான துணியால் மூடி, காலை அசையாமல் கட்டி, மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள். தடுப்பூசி விவரம் தெரியாவிட்டால் டெட்டனஸ் ஊசியும் அவசியம்.

இப்போது தம்பிக்கு இருப்பது புரையோடிய புண். மேலே ஒரு சின்ன ஓட்டைதான் தெரியும், அதன் வேர் எலும்பில் இருக்கும். எட்டு மாத்திரை, பத்து மாத்திரைக்கு அது ஏன் மசியவில்லை? உடம்புக்குள் ஓர் அந்நியப் பொருள் இருந்தால் கிருமிக்குக் கொண்டாட்டம். 1957-இல் இங்கிலாந்தில் எலெக், கோனென் என்ற இரு ஆய்வாளர்கள் தன்னார்வலர்களின் தோலில் ஸ்டஃபிலோகாக்கஸைச் செலுத்திப் பார்த்தார்கள். வெறும் தோலில் சீழ் பிடிக்கப் பல லட்சம் கிருமிகள் தேவைப்பட்டன. அங்கே ஒரு பட்டு நூல் தையல் இருந்தால் சில நூறே போதுமானதாக இருந்தது. ஒரு நூலுக்கே அப்படி என்றால் தம்பியின் எலும்புக்குள் இருப்பதோ முழு நீள உலோகக் கம்பி.

அந்த உலோகத்தின் மேல் ஒட்டிய கிருமிகள், தண்ணீர்த் தொட்டியின் சுவரில் வழுவழுவென்று படியும் பாசியைப் போல ஒரு படலத்தை நெய்துகொண்டு அதற்குள் பதுங்கிவிடும். வெளியே மிதக்கும் கிருமியைக் கொல்கிற அளவைப்போல நூறு, ஆயிரம் மடங்கு மருந்து இருந்தால்தான் படலத்துக்குள் இருக்கும் கிருமிக்கு உறைக்கும். அவ்வளவு மருந்தை எந்த உடம்பும் தாங்காது. உடைந்த இடத்தில் ரத்த ஓட்டம் இழந்து செத்த எலும்புத் துண்டும் கிடக்கலாம். ரத்தம் போகாத இடத்துக்கு மாத்திரையும் போகாது. ஆகவேதான் மாத்திரை சாப்பிடும்போது வெளியே மிதக்கும் கிருமி மட்டும் அடங்கி ஓட்டை காய்கிறது, நிறுத்தியதும் பழையபடி கசிகிறது. இப்படி மாற்றி மாற்றிச் சாப்பிட்ட மாதங்களில் மருந்துக்கு அசையாத கிருமிகளையே வளர்த்திருப்போம்.

இரண்டு வாரம் நிறுத்தச் சொன்னதன் காரணம் இப்போது புரியும். பாதி மருந்தில் மயங்கிக்கிடக்கும் கிருமி கல்ச்சரில் வளராது. மருந்தை விட்டு அதற்கு இடைவெளி கொடுத்தால் தன் முகத்தைக் காட்டும். மேலே கசியும் சீழைப் பஞ்சில் தொட்டு எடுத்து அனுப்புவதை நம்ப முடியாது. அங்கே தோலில் வந்து போகிற கிருமிகள் எல்லாம் இருக்கும், எலும்பில் இருக்கும் குற்றவாளியை அது அடிக்கடி தவறாகக் காட்டிவிடும். ஆபரேஷனின்போது ஆழத்திலிருந்து, ஒவ்வொரு தடவையும் புதுக் கருவியால், ஐந்து இடங்களிலாவது தனித்தனியாகச் சதையும் எலும்பும் எடுக்க வேண்டும். இரண்டு மூன்று துண்டுகளில் ஒரே கிருமி வளர்ந்தால் அதுவே ஆள் என்று உறுதி செய்யலாம். நம் நாட்டில் இன்னொன்றையும் கட்டாயம் பார்க்க வேண்டும், காசநோய். எலும்புக் காசநோயும் இதே மாதிரி ஓட்டை போட்டுக் கசியும். லெவோஃப்ளாக்ஸசின் போன்ற மாத்திரைகளைக் கண்டபடி விழுங்கினால் அது பாதி அடங்கி, கண்டுபிடிப்பதே தள்ளிப்போகும். எடுத்த துண்டில் ஒரு பகுதியைத் திசுப் பரிசோதனைக்கும் காசநோய்ப் பரிசோதனைக்கும் அனுப்பினார்களா என்று கேட்டுவையுங்கள்.

ஆபரேஷனில் முதல் வேலை செத்த எலும்பை எடுப்பது, ராடைக் கழற்றுவது அல்லது மாற்றுவது, உள்ளே கழுவுவது. வெற்றிடம் விழுந்தால் ஆன்டிபயாடிக் கலந்த சிமென்ட் மணிகளோ கால்சியம் சல்ஃபேட் மணிகளோ வைப்பார்கள். ரத்தத்தின் வழியே அனுப்ப முடியாத அளவு மருந்து அந்த இடத்தில் மட்டும் கிடைக்கும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் மாத்திரைக்கு மரியாதை.

ஆறு வாரம் முழுக்க ஊசியா?

அவசியமில்லை. எலும்புத் தொற்றுக்கு ஆறு வாரமும் டிரிப்ஸில்தான் மருந்து ஏற வேண்டும் என்பது பல்லாண்டு நம்பிக்கை. 2019-இல் பிரிட்டனில் 1,054 நோயாளிகளிடம் நடந்த ஓவிவா ஆய்வு அதை மாற்றியது. முதல் ஆறு வாரத்தில் ஊசியைவிட மாத்திரையை நம்பியவர்கள் எந்த விதத்திலும் மோசமாகவில்லை. ஒரு வருட முடிவில் சிகிச்சை தோற்றது ஊசிக்காரர்களில் 14.6 சதவீதம், மாத்திரைக்காரர்களில் 13.2 சதவீதம். இரு தரப்பினருக்கும் முறையான ஆபரேஷனும், கிருமியைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த மருந்தும் கிடைத்திருந்தன என்பதை மறந்துவிடக் கூடாது. வயிற்றிலிருந்து நன்றாக உறிஞ்சப்பட்டு எலும்புக்குள் போகிற மாத்திரையாக அது இருக்க வேண்டும்.

நாள் கணக்கும் எல்லாருக்கும் ஒன்றல்ல. கிருமி பிடித்த செயற்கை மூட்டுகளுக்கு ஆறு வாரம் போதுமா, பன்னிரண்டு வாரம் வேண்டுமா என்று பிரான்சில் 410 பேரிடம் பார்த்தார்கள். 2021-இல் வெளியான முடிவில் ஆறு வாரக்காரர்களில் 18.1 சதவீதம் பேருக்குத் தொற்று நீடித்தது, பன்னிரண்டு வாரக்காரர்களில் 9.4 சதவீதம். சில இடங்களில் நீளமும் தேவைதான். உடலுக்குள் உலோகம் இருக்கும் ஸ்டஃபிலோகாக்கஸ் தொற்றில் ரிஃபாம்பிசினை இன்னொரு மருந்தோடு சேர்ப்பது உண்டு. கிருமிப் படலத்துக்குள் புகும் திறன் அதற்கு இருக்கிறது. 1998-இல் வெளிவந்த ஒரு சிறு சுவிஸ் ஆய்வில், இரண்டும் சேர்த்து முழுக் காலமும் சாப்பிட்ட 12 பேரும் குணமானார்கள். ரிஃபாம்பிசின் இல்லாத 12 பேரில் 7 பேர் மட்டும். ஆனால் அதைத் தனியாகச் சாப்பிட்டால் சில நாளிலேயே கிருமி பழகிவிடும். காசநோய் மருந்தும் அதுவே என்பதால், காசநோய் இல்லை என்று தெளிந்த பிறகுதான் கொடுக்க வேண்டும்.

நீண்ட நாள் மாத்திரை சாப்பிடும்போது

இதுவரை சொன்னது மருத்துவர் செய்ய வேண்டியது. இனி வருவது வீட்டில் கவனிக்க வேண்டியது. எலும்பு நோயாளி என்றால் சீட்டில் கால்சியம் இருக்கும், பலருக்கு இரும்புச் சத்து மாத்திரையும், நெஞ்செரிச்சலுக்கு ஆன்டாசிட்டும் இருக்கும். சிப்ரோஃப்ளாக்ஸசின், டாக்ஸிசைக்ளின் போன்றவற்றைக் கால்சியத்தோடு சேர்த்து விழுங்கினால் இரண்டும் வயிற்றிலேயே ஒட்டிக்கொண்டு மருந்து ரத்தத்தில் ஏறாது. பாலோடு சாப்பிட்டாலும் அப்படித்தான். ஆன்டிபயாடிக்கை முதலில் போட்டு, இரண்டு மணி நேரமாவது கழித்துக் கால்சியம் போடுங்கள். ஆறு வாரம் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டும் புண் ஆறாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சர்க்கரைக்குக் கிளைமெப்பிரைடு சாப்பிடுபவர்கள் சிப்ரோஃப்ளாக்ஸசின், லெவோஃப்ளாக்ஸசின் தொடங்கினால் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். வியர்வை, படபடப்பு வந்தால் உடனே சர்க்கரை பார்க்க வேண்டும். அந்த வகை மாத்திரைகள் குதிகால் தசைநாரைப் பலவீனப்படுத்தக்கூடியவை, அங்கே வலி வந்தால் சொல்லிவிடுங்கள். லினிசோலிட் என்றால் வாரம் ஒருமுறை ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். எலும்பு வலிக்குக் கொடுக்கும் டிரமடாலோடு அது சேரக் கூடாது, இரண்டும் சீட்டில் இருந்தால் மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள். ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும், அது ரத்தமல்ல. ரத்தம் உறையாமைக்கான மாத்திரையின் வீரியத்தை அது குறைத்துவிடும் என்பது மட்டும் கவனத்தில் இருக்கட்டும்.

அம்மாவுக்கு நாளைக்குப் பல் பிடுங்க வேண்டி வந்தால் என்ன செய்வது என்றும் பலர் கேட்பதுண்டு. செயற்கை மூட்டு வைத்திருக்கிறார் என்பதற்காக மட்டும் ஒவ்வொரு பல் வைத்தியத்துக்கும் முன்னால் ஆன்டிபயாடிக் தேவையில்லை என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2015-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. பல் ஈறில் சீழ் இருந்தால் அதை உடனே வைத்தியம் பார்த்துவிட வேண்டும், அதுதான் மூட்டுக்குப் பாதுகாப்பு. எரிச்சல், காய்ச்சல் எதுவும் இல்லாமல் சிறுநீர்ப் பரிசோதனையில் மட்டும் கிருமி தெரிந்தாலும் மருந்து வேண்டியதில்லை.

செஃபிக்ஸிம் அட்டையின் பின்புறம் ஒரு சிவப்புக் கோடு இருக்கும், பாருங்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து என்பதற்கான அடையாளம் அது. 2014 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த ஹெச்1 பட்டியலில் உள்ள மருந்துகளை விற்றால், வாங்கியவர், எழுதிக்கொடுத்த மருத்துவர் விவரங்களைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். நடைமுறையில் சித்தப்பாவுக்கு ஒரு கேள்வியும் இல்லாமல் கிடைத்துவிட்டது. அக்கறையில் வாங்கியவரைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்த அக்கறையோடு அவரே அம்மாவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போகட்டும்.

யாரை நம்புவது என்று குழம்பியிருந்தீர்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் இரு மருத்துவர்களும் சொன்னதில் முரண்பாடு இல்லை. இனி எந்த ஆன்டிபயாடிக்கை யார் எழுதினாலும், இது தடுப்புக்கா சிகிச்சைக்கா, எந்தக் கிருமிக்கு, எந்தத் தேதியோடு முடியும் என்று கேளுங்கள். நல்ல மருத்துவர் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார். அம்மாவைக் கூட்டிப்போகும்போது டிஸ்சார்ஜ் அட்டையும், நனைந்த கட்டின் போட்டோவும் கையில் இருக்கட்டும். தம்பி இதுவரை சாப்பிட்ட மாத்திரைகளின் பெயர்களை, காலி அட்டைகள் கிடைத்தால் அட்டைகளையே, ஓர் உறையில் போட்டு அவருடைய மருத்துவரிடம் கொடுங்கள்.

தம்பிக்குக் கடைசியாக ஒரு எச்சரிக்கை. இரண்டு வாரம் மருந்தை நிறுத்துவது உடம்பு நிதானமாக இருக்கும்வரைதான் செல்லும். இடையில் குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ, கால் சிவந்து வீங்கினாலோ, மயக்கம் வந்தாலோ, குறித்த தேதிக்குக் காத்திருக்கக் கூடாது. நடுராத்திரியாக இருந்தாலும் அப்போதே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.